பால் சிந்தாத இடுப்பு: கடலில் பலகைமேல் பிலாட்டீஸ் செய்ய முதல்முறை போகிறவர்களுக்கு

மலேசியாவின் நெகிரி செம்பிலானில் இருக்கும் எங்கள் சிலியாவிலிருந்து போர்ட்டிக்சன் கடல் அரை மணி நேரத் தூரம்தான். ஆனால் எங்கள் ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களில் நீந்தத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பள்ளி விடுமுறையில் தோட்டத்து லோரியில் ஏறிக் கடற்கரைக்குப் போவோம். முழங்கால் அளவு தண்ணீரில் நிற்போம். "அதுக்கு மேல போகாதீங்க" என்று பெரியவர்கள் கரையிலிருந்து கத்துவார்கள். புளிச்சோறு சாப்பிட்டுவிட்டுத் திரும்புவோம். கடலோடு எங்களுக்கு இருந்த உறவு அவ்வளவுதான்.

அதனால், கடலில் மிதக்கும் காற்றடைத்த பலகைமேல் படுத்து உடற்பயிற்சி செய்கிறேன் என்று நான் சொன்னபோது பக்கத்து வீட்டு அக்கா கேட்டது நியாயமான கேள்வி. "எனக்கு நீச்சலே தெரியாது தங்கச்சி, என்னையக் கொண்டுபோய்க் கடல்ல தள்ளப் போறியா?" அக்காவுக்கு வயது 58. இதுவரை நான்கு முறை என்னோடு வந்துவிட்டார். அவரைப் போல இடுப்பு வலியும் கடல் பயமும் சேர்ந்து இருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இது என்ன பயிற்சி

பிலாட்டீஸ் என்பது ஒரு மனிதரின் பெயர். ஜோசப் பிலாட்டீஸ் 1883-இல் ஜெர்மனியில் பிறந்தவர். முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் இருந்ததால் எதிரி நாட்டுக்காரர் என்று முகாமில் அடைத்து வைத்தார்கள். தன் பயிற்சிமுறையை அந்த முகாமில் வளர்த்துக்கொண்டு, பிறகு நியூயார்க்கில் கூடம் வைத்து, 1967-இல் இறக்கும்வரை கற்றுக்கொடுத்தார். அவர் அதற்கு வைத்த பெயர் 'காண்ட்ராலஜி', அதாவது உடலைக் கட்டுப்பாட்டில் வைக்கும் கலை. மூச்சை ஒழுங்காக விட்டு, வயிற்றின் ஆழத்தில் இருக்கும் தசைகளை விழிப்பாக வைத்துக்கொண்டு, கைகால்களை மெதுவாக அசைப்பதுதான் இதன் அடிப்படை.

எனக்கு இதைப் புரியவைத்தது எந்தப் பயிற்சியாளரும் அல்ல, என் அம்மாவின் நடை. அம்மா பால்மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். தோளில் சுமக்கும் காண்டா கம்பின் இரண்டு முனையிலும் வாளி நிறையப் பாலைத் தொங்கவிட்டு, மேடு பள்ளத்தில் பால் சேர்க்கும் ஸ்டோர் வரைக்கும் நடப்பார். ஒரு சொட்டும் சிந்தாது. கால் எங்கே வைத்தாலும் இடுப்பு மட்டும் ஒரே மட்டத்தில் போகும். வகுப்பில் என்னை மல்லாக்கப் படுக்கவைத்து, "உங்கள் இடுப்பெலும்பு ஒரு பாத்திரம், அதில் தண்ணீர் நிறைய இருக்கிறது, சிந்தக்கூடாது" என்று சொன்னார்கள். எனக்குத் தண்ணீர் தெரியவில்லை, அம்மாவின் பால்வாளிதான் தெரிந்தது. அன்றிலிருந்து பயிற்சி பிடிபட்டுவிட்டது.

தரையில் செய்யும்போது வாளி கொஞ்சம் சாய்ந்தாலும் யாருக்கும் தெரியாது. பலகைமேல் உடனே தெரிந்துவிடும். பலகை தண்ணீரில் ஓயாமல் அசைகிறது, அதற்கு ஈடுகொடுக்க முதுகையும் வயிற்றையும் பிடித்திருக்கும் சின்னச் சின்னத் தசைகள் ஓயாமல் வேலை செய்கின்றன.

வீட்டுத் தரையில் இரண்டு வாரம்

நேராகக் கடலுக்குப் போகாதீர்கள். ஹாலில் ஒரு பாயை விரித்து, தினமும் பதினைந்து நிமிடம் கீழே உள்ள மூன்றை மட்டும் பழகுங்கள்.

மல்லாக்கப் படுத்து முழங்காலை மடக்கி, பாதம் தரையில் பதியட்டும். அடிவயிற்றின்மேல் பால் நிறைந்த வாளி நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். மூக்கால் மூச்சை இழுக்கும்போது விலாப்பக்கம் இரண்டும் விரியவேண்டும், வயிறு பலூன்போல் மேலே எழக்கூடாது. வாயால் மூச்சை விடும்போது சிறுநீரை அடக்குவதுபோல் உள்ளே லேசாக இறுக்கி, தொப்புளை முதுகுப்பக்கம் கொண்டுபோங்கள். லேசாக என்றால் லேசாகத்தான். முழுப் பலத்தையும் போட்டால் மூச்சு நின்றுவிடும்.

இது வந்ததும், மூச்சை விட்டுக்கொண்டே ஒரு காலை மடக்கிய நிலையிலேயே தரையிலிருந்து தூக்கி இறக்குங்கள். வாளி சாய்கிறதா என்று இரண்டு கையையும் இடுப்பெலும்பின்மேல் வைத்துப் பாருங்கள். எனக்கு இடது கால் தூக்கும்போது மட்டும் சாயும். அதைச் சரிசெய்யவே பத்து நாள் ஆனது.

மூன்றாவது, முழங்காலிட்டுக் கைகளை ஊன்றி, மாட்டைப்போல் நான்கு காலில் நின்று, ஒரு காலைப் பின்னால் நீட்டுவது. விரல்நுனி தரையைத் தொட்டபடி நீட்டினால் போதும்.

இந்த இரண்டு வாரத்துக்குள் கிளினிக்குக்கும் ஒரு நடை போய்விடுங்கள். இரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், வலிப்பு வருபவர்கள், கர்ப்பிணிகள், எலும்பு தேய்ந்தவர்கள், முதுகில் அறுவை செய்துகொண்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பலகையில் ஏறவேண்டாம். இனிப்பு நீர் (நீரிழிவு) உள்ளவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: இன்சுலின் போடுகிறவராக இருந்தால் வகுப்பு நேரத்தில் சர்க்கரை இறங்கிவிட வாய்ப்பு உண்டு. தண்ணீர் புகாத பையில் இனிப்பு வைத்துக்கொள்ளுங்கள், பயிற்சியாளரிடமும் சொல்லிவையுங்கள். வெறுங்காலோடு கடலில் இறங்காதீர்கள். சிப்பி கிழித்த காயம் உங்களுக்குச் சின்ன விஷயம் அல்ல. தண்ணீரில் போடும் மெல்லிய ரப்பர் சப்பாத்து கிடைக்கிறது, அதை வாங்கிவிடுங்கள்.

வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது

என் முதல் வகுப்பில் நடந்ததைச் சொன்னால், எதைக் கேட்கவேண்டும் என்பது புரியும். காலை எட்டு மணி. கடல் கண்ணாடியைப்போல் கிடந்தது. கடைசியில் ஐந்து நிமிடம் கண்ணை மூடி ஓய்வெடுக்கச் சொன்னார்கள். எழுந்து பார்த்தால், கரையில் இருந்த சவுக்கு மரங்கள் விரல் உயரத்துக்குச் சிறுத்துவிட்டன. எங்கள் பலகைகளுக்கு நங்கூரம் போடவே இல்லை. மீன்பிடிப் படகு ஒன்று வந்து இரண்டு பேரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை.

ஏன் அப்படி ஆனது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்துவிடும், கடல் அந்த வேகத்தில் குளிராது. அதனால் அதிகாலையில் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். மேற்கைப் பார்த்த போர்ட்டிக்சன் கரையில் காலைக்கடல் தட்டையாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் அதே மெல்லிய காற்றுதான் பலகையை உள்ளே தள்ளிக்கொண்டும் போகிறது. தட்டையாக இருக்கிறதே என்று நம்பிவிடக்கூடாது.

ஆகவே முதல் கேள்வி: "பலகைகளை எதில் கட்டுவீர்கள்?" ஒவ்வொரு பலகைக்கும் சின்ன நங்கூரமோ, எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டும் கயிறோ கட்டாயம் இருக்கவேண்டும். நங்கூரக் கயிறு பலகையின் முனையில் இருக்கவேண்டும். பக்கவாட்டில் கட்டினால் அலை வரும்போது பலகை குறுக்கே நின்று கவிழும்.

அடுத்து, ஆழம் எவ்வளவு என்று கேளுங்கள். முதல்முறைக்காரர்களுக்கு இடுப்பிலிருந்து மார்பளவு தண்ணீர்தான் சரி. அதைவிடக் குறைந்தால் விழும்போது அடிபடும், பலகைக்கு அடியில் இருக்கும் துடுப்புச்செதிலும் மணலில் இடிக்கும். பயிற்சியாளரைத் தவிர, தண்ணீரில் மீட்கத் தெரிந்த இன்னொருவர் இருக்கிறாரா, ஒரு வகுப்புக்கு எத்தனை பேர் என்பதையும் கேளுங்கள். எட்டுப் பேருக்கு மேல் என்றால் நான் போகமாட்டேன். மிதவைச் சட்டையும் பலகை வாடகையும் கட்டணத்தில் அடங்கியதா என்று முன்பே கேட்டுவிட்டால் அங்கே போய்ப் பணத்துக்கு வாக்குவாதம் வராது.

நீச்சல் தெரியாதவர்களுக்கு ஒன்று. இடுப்பில் பட்டையாகக் கட்டி, கயிற்றை இழுத்தால் காற்று நிரம்பும் மிதவையைச் சில இடங்களில் தருவார்கள். அது நீந்தத் தெரிந்தவர்களுக்கு. உங்களுக்கு நுரை வைத்த முழுச் சட்டைதான். அதைப் போட்டுக்கொண்டு மல்லாக்கப் படுப்பது கொஞ்சம் சிரமம், கழுத்துக்கு அடியில் முட்டும். பரவாயில்லை, படுக்கும் பயிற்சிகளை விட்டுவிட்டு உட்கார்ந்தும் முழங்காலிட்டும் செய்பவற்றை மட்டும் செய்யலாம். பக்கத்து வீட்டு அக்கா இன்றுவரை அப்படித்தான் செய்கிறார்.

நாளும் நேரமும்

மலாக்கா நீரிணையில் ஒரு நாளில் இரண்டு முறை கடல் ஏறும், இரண்டு முறை வற்றும். போர்ட்டிக்சன் கரை சரிவு குறைந்தது. வற்றிய நேரத்தில் போனால் இடுப்பளவு தண்ணீருக்கே வெகுதூரம் நடக்கவேண்டும், காலடியில் சேறும் பாறையும் இருக்கும். கடல் ஏறி முடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பு தொடங்கி, ஏறி நின்றதும் முடிப்பதுதான் நல்ல கணக்கு. ஏறி நிற்கும் நேரத்தில் நீரோட்டம் தணிந்திருக்கும், பலகையும் அடங்கி நிற்கும். ஏற்ற இறக்க நேரங்களைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் இறக்கமும் பெரிதாக இருக்கும், நீரோட்டமும் வேகமாக இருக்கும். முதல்முறை போகிறவர்கள் அந்த நாட்களைத் தவிர்த்துவிடலாம்.

அப்புறம் சுமத்ராக் காற்று. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, நள்ளிரவுக்குப் பிறகோ விடியற்காலையிலோ மேற்கிலிருந்து கறுப்பு மேகம் வரிசை கட்டி வரும். திடீர்க் காற்று, இடி, கொட்டும் மழை. தோட்டத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பெரட்டுக்கு (விடியற்காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் கூட்டத்துக்கு) போகும்முன் அம்மா வாசலில் நின்று மேற்கு வானத்தைப் பார்ப்பார். மரம் நனைந்தால் அன்று வெட்டு இல்லை. அதே பழக்கம் கடலுக்கும் பொருந்தும். முதல்நாள் இரவு மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் 'மைசுவாச்சா' செயலியைப் பாருங்கள், காலையில் உங்கள் கண்ணாலும் மேற்கைப் பாருங்கள். கறுத்திருந்தால் திரும்பிவிடுங்கள், கட்டிய பணம் போனாலும் போகட்டும். வகுப்பு நடக்கும்போது இடிச்சத்தம் கேட்டால் உடனே கரையேறவேண்டும், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் தண்ணீரில் இறங்கக்கூடாது.

புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினால் போகவேண்டாம். ஆழ்ந்து மூச்சிழுக்கும் பயிற்சியை அந்தக் காற்றில் செய்வதில் அர்த்தம் இல்லை.

நேரம் என்று கேட்டால் காலை ஏழரைக்கும் ஒன்பதரைக்கும் இடையில்தான். பத்துக்குமேல் வெயில் சுடும். மதியம் கடற்காற்று எழும்பி அலை கிளம்பும். தெலுக் கெமாங் பக்கம் சனி, ஞாயிறுகளில் வாழைப்பழப் படகுகளும் ஜெட் ஸ்கீகளும் ஓடத் தொடங்கினால் அவை கிளப்பும் அலையிலேயே கவிழ்ந்துவிடுவோம். ஆற்று முகத்துவாரங்களுக்கு அருகில் எப்போதும் வேண்டாம். லிங்கி ஆற்றில் முதலைகள் இருப்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். தஞ்சோங் துவான் போன்ற முனைகளை ஒட்டி நீரோட்டம் வேகம் எடுக்கும், அங்கேயும் வேண்டாம்.

புறப்படும்முன்

உடம்போடு ஒட்டிய முழுக்கைச் சட்டையும் கணுக்கால்வரை வரும் லெகிங்ஸும் போதும். வெயிலுக்கும் நல்லது, கூச்சத்துக்கும் நல்லது, சொறிமீன் பட்டாலும் தோலுக்கு ஒரு தடுப்பு. தொளதொளத்த சட்டை நனைந்தால் ஏறவிடாமல் இழுக்கும். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனமில்லாதவர்கள் சட்டைக்குள் போட்டுக் கழுத்துப்பட்டியை மூடிக்கொள்ளுங்கள். வளையலும் மெட்டியும் வீட்டிலேயே இருக்கட்டும். அவை காற்றடைத்த பலகையைக் கீறும், விரலையும் கீறும்.

ஒன்று முக்கியம். அன்று காலையில் கைகாலில் எண்ணெய் தடவாதீர்கள். எங்கள் கூட்டத்தில் ஒருவர் சனிக்கிழமை வழக்கப்படி நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்தார். பலகையின் மேற்பகுதி நுரைப்பாய் சொரசொரப்பாகத்தான் இருக்கும், ஆனாலும் அவர் உள்ளங்கை வைத்த இடமெல்லாம் வழுக்கியது. வெயில் களிம்பைக்கூட உள்ளங்கையிலும் பாதத்திலும் படாமல் தடவுங்கள்.

சாப்பாடு, ஒன்றரை மணி நேரத்துக்கு முன்பு இரண்டு துண்டு ரொட்டியும் ஒரு வாழைப்பழமும். நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) திரும்பிவரும்போது. கார் சாவிக்கு ஒரு தண்ணீர் புகாத பை, மூக்குக்கண்ணாடிக்கு ஒரு கயிறு, ஒரு சின்னப் புட்டி வினிகர்.

முதலில் விழுங்கள்

நல்ல பயிற்சியாளர் என்றால் பயிற்சியைத் தொடங்கும்முன் உங்களை ஒருமுறை விழச்சொல்வார். சொல்லாவிட்டால் நீங்களே கேளுங்கள். பயம் போவதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

காலில் பலகையோடு கட்டிய கயிற்றை மாட்டிக்கொண்டு, முழங்காலளவு தண்ணீரில் பலகையின் பக்கவாட்டில் நில்லுங்கள். பலகையின் நடுவில் தூக்குவதற்கு ஒரு பிடி இருக்கும். பலகை தடுமாறாமல் நிற்கும் இடம் அதுதான். இரண்டு கையையும் இரண்டு ஓரத்தில் ஊன்றி, ஒரு முழங்கால், அடுத்தது மற்றொன்று என்று ஏறி, பிடி நடுவில் வரும்படி முழங்காலிடுங்கள். முனை மேலே தூக்கினால் கொஞ்சம் முன்னே நகருங்கள், முனை தண்ணீருக்குள் போனால் பின்னே நகருங்கள். கண் காலைப் பார்க்கக்கூடாது. கரையில் ஒரு மரத்தையோ தொடுவானத்தையோ பாருங்கள். கீழே குனிந்து பார்த்தால் தலை போகும் பக்கம் உடம்பும் போய்விடும்.

ஆழத்துக்கு வந்ததும் பலகையை விட்டு விலகி, நாற்காலியில் உட்காருவதுபோல் பிட்டம் முதலில் படும்படி விழுங்கள். தலைகீழாகப் பாயவேண்டாம். மேலே வரும்போது ஒரு கையைத் தலைக்குமேல் வைத்துக்கொண்டு வாருங்கள், பலகை மேலே இருந்தால் கையில் படட்டும்.

இப்போது ஏறவேண்டும். இங்கேதான் எல்லாரும் தவறு செய்கிறோம். தண்ணீரில் நெட்டுக்குத்தாகத் தொங்கிக்கொண்டு கைப்பலத்தால் மேலே எம்பப் பார்ப்போம். கால் இரண்டும் பலகைக்கு அடியில் போய்விடும், பலகை நம்மேல் சாயும். அப்படி வேண்டாம். பக்கவாட்டில் நின்று நடுப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முதலில் கால்களைப் பின்னால் தண்ணீர்மட்டத்துக்கு மிதக்கவிடுங்கள். உடம்பு படுத்ததும் காலை வேகமாக உதைத்து, நெஞ்சைப் பலகைமேல் வழுக்கிக்கொண்டு போங்கள். எம்பாதீர்கள், வழுக்குங்கள். வயிறு பலகையில் பட்டுவிட்டால் மீதிக் காலைத் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். அக்காவுக்கு ஐந்தாவது முயற்சியில் வந்தது. வந்ததும் பலகையில் குப்புறப் படுத்தபடியே, "இவ்வளவுதானா?" என்றார். அதன்பிறகு அவரே இன்னும் மூன்று முறை வேண்டுமென்றே விழுந்தார்.

பலகையின்மேல்

பயிற்சிகளை வகுப்பில் சொல்லித்தருவார்கள், எல்லாவற்றையும் இங்கே எழுதப்போவதில்லை. வீட்டில் செய்ததில் பாதி அளவுக்குத்தான் கைகால் நீளும், பாதி வேகத்தில்தான் செய்யமுடியும் என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

சம்மணமிட்டு உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி, அப்படியே முதுகெலும்பை இடமும் வலமும் திருப்புவது, பிறகு நான்கு காலில் நின்று ஒரு காலை நீட்டுவது என்று போகும். காலை நீட்டும்போது விரல்நுனியைப் பலகையிலேயே உரசிக்கொண்டு போங்கள், தூக்குவது அடுத்த வகுப்புக்கு. பலகை ஆடினால் உடம்பை விறைக்காமல் மூச்சை விடுங்கள். மூச்சை அடக்கினால் உடம்பு கட்டையாகிவிடும், கட்டை எளிதில் உருளும்.

மல்லாக்கப் படுப்பவர்களுக்கு 'நூறு' என்ற பயிற்சி வரும். கைகளைப் பக்கத்தில் நீட்டிச் சின்னதாக மேலும் கீழும் அசைத்து, ஐந்து எண்ணிக்கைக்கு மூச்சை இழுத்து, ஐந்து எண்ணிக்கைக்கு விடுவது. பத்து மூச்சில் நூறு ஆகும். முதல்நாள் முப்பதோடு நிறுத்திவிடுங்கள், தலையையும் தூக்கவேண்டாம். இடுப்பைத் தூக்கிப் பாலம்போல் நிற்கும் பயிற்சிதான் எனக்கு மிகவும் பிடித்தது. பாதத்தை ஊன்றி இடுப்பைத் தூக்கும்போது, ஒவ்வொரு சிற்றலையும் முதுகுக்கு அடியில் கடந்துபோவது தெரியும். வாளியைச் சாயவிடாமல் அலையைப் போகவிடவேண்டும்.

குமட்டினால் கண்ணை மூடாதீர்கள். எழுந்து உட்கார்ந்து கரையைப் பாருங்கள், அடங்கிவிடும்.

சொறிமீன் பட்டால் தேய்க்கவேண்டாம், நல்ல தண்ணீர் ஊற்றவேண்டாம். கரையேறி வினிகரை அரை நிமிடமாவது ஊற்றுங்கள், ஒட்டியிருக்கும் இழைகளை விரலால் தொடாமல் எடுங்கள். மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ தாங்கமுடியாத வலியோ இருந்தால் தாமதிக்காமல் 999.

வீட்டுக்கு வந்தபிறகு

நல்ல தண்ணீரில் குளித்து, துணியையும் சப்பாத்தையும் அலசி நிழலில் காயவையுங்கள். மறுநாள் விலாப்பக்கமும் தொடையின் உட்பக்கமும் வலிக்கும், அது தசைவலி, இரண்டு நாளில் போய்விடும். காலில் மின்சாரம்போல் இறங்கும் வலியோ மரத்துப்போவதோ இருந்தால் அது வேறு, கிளினிக்குக்குப் போங்கள்.

அடுத்த வகுப்புக்கு நாள் குறிக்கும்போது ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. கடல் ஏறும் நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். இந்தச் சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஏறி நின்றால், அடுத்த சனிக்கிழமை அதே நேரத்தில் வற்றிக் கிடக்கும். அதற்கடுத்த சனிக்கிழமை மீண்டும் எட்டரை ஒன்பதுக்கு ஏறிவிடும். அதனால் வாராவாரம் போகமுடியாது, ஒன்றுவிட்டு ஒரு வாரம்தான். இடைப்பட்ட சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டு ஹாலில் பாய் விரிக்கிறோம். அக்கா தன் வீட்டுக் காலண்டரில் கடல் ஏறும் சனிக்கிழமைகளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.